மீன்பெட்டியில் வந்த விரிவுரைகள்

மேசையில் இரண்டு கைபேசிகள். ஒன்று என்னுடையது. மற்றது அம்மாவுடையது, மூலையில் கண்ணாடி வெடித்தது. இரண்டையும் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தேன். சீனிக்கு வந்த எறும்பு ஒன்று அம்மாவின் கைபேசித் திரையைக் குறுக்கே கடந்து போனது.

யன்னலுக்கு வெளியே உட்துறைமுகம். நகரத்தில் கொஞ்சம் மேட்டில் இருந்த வீடு எங்களுடையது. கோதுமை அரைக்கும் மாவாலையின் உயர்ந்த சுவர்களும் பக்கத்தில் நங்கூரமிட்ட ஒரு கப்பலும் தெரியும். துறைமுக வாய்க்கு அப்பால் இருக்கும் கொட்டியாற்றுக் குடா மட்டும் தெரியாது, ஒரு மேட்டு நிலம் மறைத்துவிடும். அந்தக் காலையில் நான் பார்க்க விரும்பியது அந்தக் குடாவைத்தான். அங்கே எங்கோ ஒரு வள்ளத்தில், மடியில் கைபேசியோடு, என் தோழி தர்சினி உட்கார்ந்திருந்தாள்.

வகுப்புத் தொடங்க இன்னும் பத்து நிமிடம். குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னடி, உனக்கா சோதனை? முகம் இப்பிடி வெளிறிப்போய்க் கிடக்கு."

"எனக்கில்லையம்மா. தர்சிக்கு."

"அப்ப நீ ஏன் நகத்தைக் கடிக்கிறாய்?"

கையை வாயிலிருந்து எடுத்தேன். பதில் சொல்வதென்றால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அன்று சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கிழமைக்கென்று வந்த பை

விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, "பருப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய், படிப்பைப் பற்றி ஒரு வரி இல்லையே" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயம். ஆனால் எங்கள் படிப்பில் பாதி நடந்தது பல்கலைக்கழகத்தில் அல்ல.

தொற்றுக் காலம். விடுதியை மூடுகிறோம், இரண்டு கிழமையில் திரும்பலாம் என்றார்கள். நானும் தர்சியும் ஆளுக்கு ஒரு பையோடு ஒரே பஸ்ஸில் ஏறினோம். நான் நகரத்தில் இறங்கினேன். அவள் குடாவைச் சுற்றிக்கொண்டு தன் ஊரான கட்டைபறிச்சானுக்குப் போனாள். பையில் நான் வைத்திருந்தது மூன்று சட்டை. அந்த மூன்றும் போட்டுப் போட்டு நைந்த பிறகும் விடுதி திறக்கவில்லை.

வகுப்புகள் திரைக்கு வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது திருவிழா! புதிதாக ஒரு செயலி வந்தால் பெயரைக் கேட்குமுன் இறக்கிவிடுகிற ஆள் நான். எங்கள் புவியியல் விரிவுரையாளர் சேரின் பின்னால் தெரியும் அலுமாரியைப் பார்த்து, அவர் வீட்டில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்று எண்ணினேன். கை உயர்த்தும் பொத்தானை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான்.

தர்சிக்கோ, வீட்டில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. அந்திநேரம் பாலத்தடிக்கு வந்து நின்றால் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். குரல் செய்தி போகும், வரும். வகுப்பை அது தாங்காது. சிக்னல் இருக்கும் மூதூர்ப் பக்கம் போய் உட்காரலாம் என்றால், அந்த நாட்களில் பாதையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அவள் பாலத்தடியில் இருந்து அனுப்பிய முதல் குரல் செய்தி இன்னும் நினைவிருக்கிறது. முதலில் தவளைச் சத்தம். பிறகு அவள்: "வினோ, இண்டைக்கு என்ன படிப்பிச்சவர்?"

றாலுக்குக் கீழே

அங்கேதான் ரூபன் அண்ணா வருகிறார். தர்சியின் மூத்த அண்ணன். இரவில் சித்தப்பாவோடு கடலுக்குப் போவார். விடிந்ததும் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு நகரத்தில் வீடு வீடாக மீன் விற்பார். ஊரடங்கில் நடமாட மீன் விற்பவருக்குப் பாஸ் இருந்தது. பாடத்துக்குப் பாஸ் இல்லை. அவ்வளவுதான் யோசனை, அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

வகுப்பை என் மடிக்கணினியில் பதிவு செய்வேன். படத்தை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் சுருக்குவேன். சேரின் இரண்டு மணி நேரம் ஒரு பாட்டின் அளவுக்குச் சுருங்கி வந்தபோது, வீட்டில் யாரும் கேட்காமலே அதை அறிவித்தேன். தர்சியின் கைபேசி பழையது, பெரிய கோப்பைத் திறந்தால் திகைத்து நின்றுவிடும். அதனால் இருபது இருபது நிமிடமாக வெட்டி இலக்கம் போட்டு, விரிவுரைப் பக்கங்களையும் சேர்த்து, நகத்தளவு மெமரி சிப்பில் ஏற்றுவேன். சொப்பிங் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, றப்பர் வளையம் போட்டால் பொதி தயார்.

வெள்ளி காலை படலையில் ஹோர்ன் கேட்கும்.

"அன்ரி, றால் இருக்கு, பாரை இருக்கு. தங்கச்சி, உங்கட சரக்கு ரெடியோ?"

"தம்பி, நீர் மீன் விக்க வாறீரோ, இவளின்ர தபாலுக்கு வாறீரோ?"

"ரெண்டும்தான் அன்ரி. மீன் கூலிக்கு. தபால் சும்மா."

பொதி பெட்டிக்குள், ஐசுக்கும் மிஞ்சிய றாலுக்கும் கீழே போகும். சட்டைப் பையில் வைத்தால் பாதையில் சோதிப்பவர்கள் இது என்ன சிப், யாருடையது என்று அரை மணி நேரம் கேட்பார்கள். மீனுக்குள் யாரும் கை விடமாட்டார்கள். அடுத்த வெள்ளி பழைய சிப் திரும்பி வரும்போது அதில் றால் வாடை அடிக்கும். மடிக்கணினியில் செருகினால் அறை முழுக்க அதே வாடை. புவியியல் என்றால் எனக்கு இன்றுவரை மூக்கில் வருவது அதுதான்.

அப்பா இதைப் பார்த்துச் சிரித்தார். அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்துகொண்டு வெளிவாரியாகப் பட்டம் எடுத்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் இருந்து அவருக்குக் குறிப்புகள் தபாலில் வரும். சண்டையால் பாதை மூடிய காலங்களில் கப்பலில் வரும். ஒருமுறை பொருளியல் குறிப்பு மண்ணெண்ணெயில் ஊறி வந்ததாம். "விளக்கைக் கிட்டக் கொண்டுபோகப் பயம். பகலிலதான் படிச்சனான்" என்றார். "உனக்கு மீன். எனக்கு மண்ணெண்ணெய். இந்தத் துறைமுகத்துக்குச் சும்மா ஒரு பாடமும் வராது போல."

நான் செய்த பிழை

மூன்றாம் கிழமை சேர் வரவு எடுக்கத் தொடங்கினார். நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு. "கமராவைப் போடுங்கோ" என்பதை மூச்சு விடுவதுபோலச் சொல்வார். டேட்டா போதாதென்று அரைவாசிப் பேர் கெஞ்சியதில், கமரா இல்லாவிட்டாலும் பெயர் இருந்தால் சரி என்று இறங்கி வந்தார். வரவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. அதில் அவர் இறங்கவில்லை.

தர்சி பரீட்சை எழுதாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அவள் வீட்டில் அந்த ஒரு வருடம் காத்திருக்காது. கடையொன்றில் வேலை இருக்கிறது, போகச் சொல்கிறார்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

அம்மாவின் கைபேசியை எடுத்தேன். தர்சினி என்று பெயர் அடித்தேன். உள்ளே போனேன். அரை நிமிட வேலை.

அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. உதவி செய்கிறோம் என்ற உற்சாகத்தில் ஓடுகிறவளுக்கு, யாருக்கு உதவி செய்கிறோமோ அவர் நிற்கிற இடம் தெரிவதில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஒருநாள் சேர், "தர்சினி, நீர் சொல்லும், ஆத்து முகத்தில மணல் ஏன் படியுது?" என்று கேட்டார். சும்மா இருந்தால் பிடிபடுவோம் என்று எழுத்தில் பதில் அடித்தேன். பாராட்டினார். அடுத்த கிழமை மறுபடி கேட்டார், மறுபடி அடித்தேன். என் பெயரில் எனக்கு வராத துணிவு அவள் பெயரில் வந்தது. ஏழாம் கிழமை முடிவில் அவர் சொன்னார்:

"தர்சினி, நீர் அந்தக் கரைப் பிள்ளைதானே. அடுத்த வியாழன் மகாவலி குடாவில விழுற இடத்தைப் பற்றி நீரே வந்து கதையும். கமராவோட. எழுத்தில இல்லை."

அம்மாவின் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று மாலை எல்லாவற்றையும் குரல் செய்தியாகச் சொன்னேன். சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன், பாராட்டு வாங்கித் தந்திருக்கிறேன் பார் என்கிற தொனியில். பதில் ஏழு விநாடி. தவளைகள் கூட அன்று கத்தவில்லை.

"வினோ, நான் செத்தே போனன், நீ என்ர பேரில இருந்து படிக்க?"

வெள்ளிக்கிழமை ரூபன் அண்ணா வந்தார். புதுச் சிப்பைக் கொடுத்தேன். மத்தியானம் போனவர் சனி காலை அதே பொதியோடு வந்து நின்றார். றப்பர் வளையம் கழற்றப்படவில்லை.

"வாங்கமாட்டனெண்டிட்டாள், தங்கச்சி. என்ன சண்டை? கேட்டால் கதவைச் சாத்துறாள்."

படலையில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, வியாழக்கிழமை அவளுக்குச் சிக்னல் வேணும். அவ்வளவும்தானே?"

"ஊரில ஒரு இடமும் இல்லையே அண்ணா."

"ஊரில இல்லை. கடலில இருக்கு."

கோடு சேரும் இடம்

குடாவில் வலை போடுகிறவர்களுக்கு ஒரு இடம் தெரியும். துறைமுக வாயிலில் ஒரு சின்னத் தீவில் வெளிச்சவீடு இருக்கிறது. அதுவும் தூரத்தில் மாவாலையும் ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும்படி வள்ளத்தைக் கொண்டுபோக வேண்டும். நேர்கோட்டுக்கு வந்துவிட்டால் நகரத்துக் கோபுரத்துக்கும் வள்ளத்துக்கும் நடுவில் வெறும் தண்ணீர்தான். நாலு கோடு நிற்கும். விடியப்புறம் அங்கே நின்றுதான் எல்லாரும் வியாபாரிகளுக்கு அழைத்து விலை கேட்பார்களாம். ஒரு வள்ளம் இரண்டு பாகம், பத்துப் பன்னிரண்டு அடி, நகர்ந்தால் கதை அறுந்துவிடும், திரும்ப வந்து கோட்டைப் பிடிப்பார்களாம்.

"ஆனா அவள் வருவாளோ?" என்றேன்.

"உங்களுக்காக வரமாட்டாள். தனக்காக வருவாள்" என்றார் ரூபன் அண்ணா. பொதி என் கையிலேயே இருந்தது.

இரண்டு தர்சினிகள்

அந்த வியாழன் காலைக்கு வருகிறேன். சீனிப் போத்தல், எறும்பு, இரண்டு கைபேசி.

அம்மாவின் கைபேசி ஏன் அங்கே? வள்ளத்தில் சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்ற பயம். பெயராவது பட்டியலில் நிற்கட்டும் என்று, எட்டு மணிக்கே தர்சினி என்று உள்ளே போய் நின்றுகொண்டேன். பழக்கதோஷம். பட்ட பிறகும் புத்தி வரவில்லை பாருங்கள்.

எட்டு ஐந்துக்குப் பட்டியலில் இன்னொரு பெயர் வந்தது. தர்சினி.

இந்தத் தர்சினிக்குக் கமரா இருந்தது. திரை முழுக்க வெளிச்சம், ஆடும் வானம், பிறகு முகம். கறுத்திருந்தாள். தலையில் ரூபன் அண்ணாவின் தொப்பி. மூன்று மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். ஒரு கணம் வேறெதுவும் தோன்றவில்லை.

"குட் மோர்னிங் சேர்."

சேர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

"கொஞ்சம் பொறும். இங்க ரெண்டு தர்சினி நிக்கினம். ஒண்டு கடலில நிக்குது. மற்றது இருட்டில நிக்குது. எது நீர்?"

வள்ளத்தில் தண்ணீர் தட்டும் ஒலி மட்டும் எல்லார் வீட்டுக்குள்ளும் கேட்டது.

"கடலில நிக்கிறவள்தான் சேர் நான். நான் இண்டைக்குத்தான் முதல் தரம் வந்தனான்."

"அப்ப இவ்வளவு நாளும் பதில் சொன்னது?"

என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை என்பதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது. ஒலியைத் திறந்தேன்.

"நான் சேர். வினோதினி. அவவுக்குத் தெரியாது. நானாத்தான் செய்தனான்."

சேர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"வகுப்புக்கே வராத பிள்ளை இண்டைக்கு என்னத்தைக் கதைக்கப் போறீர்?"

"வரேல்லை சேர். ஆனா கேட்டனான். வினோ பதிஞ்சு சிப்பில அனுப்புவா. அண்ணான்ர மீன்பெட்டியில வரும்."

"கேட்டனீர் எண்டதுக்கு என்ன சாட்சி?"

தர்சி கைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"மூண்டாம் கிழமை சேர், நீங்கள் கழிமுகம் படிப்பிக்கேக்க உங்கட வீட்டில ஆரோ கூப்பிட்டவை. இஞ்ச வாங்கோ, இந்தத் தேங்காயைத் திருவித் தாங்கோ எண்டு. நீங்கள், பொறும் பொறும், ஆத்தைக் கடலில விட்டிட்டு வாறன் எண்டு சொன்னனீங்கள்."

முதலில் சிரித்தது மாணவர்கள் இல்லை. சேரின் முதுகுப்பக்கம் எங்கிருந்தோ ஒரு பெண் குரல். அதன் பிறகுதான் நாங்கள் எல்லாரும். சேரும் சிரிப்பை அடக்கிப் பார்த்துத் தோற்றுப்போனார்.

"சரி, மூண்டுக்கு வரவு. நாலாம் கிழமை?"

"முழுக்க இருமினீங்கள் சேர். அரைவாசியில நிப்பாட்டிச் சுடுதண்ணி குடிச்சனீங்கள்."

"அஞ்சு?"

"கரண்ட் போட்டுது. திரும்பி வந்து அதே பக்கத்தை ரெண்டாம் தரமும் படிப்பிச்சனீங்கள். ரெண்டாம் தரம்தான் எனக்கு விளங்கினது."

"ஆறு?"

"நாய்."

"ஏழு?"

அவள் தொப்பியைச் சரிசெய்தாள்.

"ஏழு தெரியாது சேர். அந்தக் கிழமைச் சிப்பை நான் திருப்பி அனுப்பிட்டன்."

"ஏன்?"

"கோவம் சேர்."

"ஆரில? மற்றத் தர்சினியிலயோ?"

"ஓம் சேர்."

ஏழுக்கு வரவில்லை என்று போட்டார். மற்றவற்றுக்கு வந்தாள் என்று போட்டார். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"வினோதினி, நீர் ரெண்டு பேரில வந்து நிண்டனீர். தேங்காய்க் கதை கேட்டதோ?"

கேட்கவில்லை. பதிவாகிறதா, கோப்பு எவ்வளவு பெரிது, அம்மாவின் கைபேசியில் சார்ஜ் இருக்கிறதா, இவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லை, சேர்."

நான் எழுதிக் கொடுத்திருந்த ஒப்படையில் பத்துப் புள்ளி வெட்டினார். அதோடு ஒரு வேலையும் தந்தார்: வகுப்பில் சிக்னல் இல்லாத இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சிப் போகவேண்டும், அவரவர் சொந்தப் பெயரில்.

அதன் பிறகு தர்சி பேசினாள். மகாவலியைப் பற்றி என்ன சொன்னாள் என்று முழுதாக நினைவில்லை. ஒன்று மட்டும் மறக்கவில்லை. "இதைச் சொல்லுறதை விடக் காட்டுறன் சேர்" என்று கைபேசியைத் திருப்பினாள். ரூபன் அண்ணா வள்ளத்தைக் கோடு விலகாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஒரு எல்லை தெரிந்தது. இந்தப் பக்கம் தேநீர் நிறம், அந்தப் பக்கம் பச்சை. மழைக்குப் பின் வந்த ஆற்றுத் தண்ணீர், கடலோடு சேர்வதா வேண்டாமா என்று நிற்பதுபோல ஒரு கோடு. நுரையும் குச்சியும் அந்தக் கோட்டில் வரிசையாக மிதந்தன. சேர் நெருங்கி வந்து திரையைப் பார்த்தார். அவர் நெற்றி மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது

தர்சி அந்தப் பரீட்சையை எழுதினாள். என்னைவிட நன்றாக எழுதினாள். அன்று மாலையே பாலத்தடியில் இருந்து குரல் செய்தி வந்தது: "இனி என்ர பேரில நீ கதைக்கப்படாது. விளங்கிச்சோ? ஏழாம் கிழமைச் சிப்பை அனுப்பு."

இப்போது கட்டைபறிச்சானில் அவள் வீட்டுக்குள்ளேயே நாலு கோடு நிற்கிறது. ரூபன் அண்ணா சொந்த வள்ளம் வைத்திருக்கிறார், பெட்டியில் மீன் மட்டும்தான் போகிறது. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்விப் பிரிவில் பாடங்களைப் பதிவு செய்கிறேன். அறை குளிர்ந்தது, சுவர் முழுக்கப் பஞ்சு. எல்லாம் வேகம், எல்லாம் துப்புரவு. எனக்கோ சில நாள் அந்த றால் வாடைக்காக மனம் ஏங்குகிறது. ஒரு பழைய சிப்பை இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறேன். வாடை போய்விட்டது. இருந்தாலும் மணந்து பார்ப்பேன்.

எங்கள் மென்பொருளில் பின்னணிச் சத்தத்தை நீக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் இருமல், நாய், கதிரை, எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். புதிதாக எதைக் கண்டாலும் அழுத்திப் பார்க்கிற நான் அதை மட்டும் தொடுவதில்லை. மேலாளர் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

தர்சி இப்போது பாடசாலையில் படிப்பிக்கிறாள். மேற்படிப்புக்கு எங்கள் பிரிவில்தான் பதிந்திருக்கிறாள். போன கிழமை அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி. பின்னால் தவளைகள். வேண்டுமென்றே பாலத்தடிக்குப் போயிருக்கிறாள் போல.

"வினோ, நாலாம் பாடத்தில பதினெட்டாவது நிமிசம் ஆரோ கதிரையை இழுக்கினம். வந்தனான் எண்டு போடு."